பட்டாளத்துத் தாத்தா படம்: கையால் கலர் போட்ட பழைய ராணுவப் போட்டோவை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது, பரணிலிருந்து ஒரு படத்தை இறக்கி என்னிடம் கொடுத்தார்கள். தேக்குச் சட்டம், தூசி படிந்த கண்ணாடி, கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். உள்ளே ஒரு பட்டாளத்துக்காரர். காக்கி உடுப்பு, ரோஜா நிறக் கன்னம், வெற்றிலை போட்டது போலச் சிவந்த உதடு, நெஞ்சில் தங்க நிறத்தில் மூன்று பதக்கங்கள், பின்னால் நீல ஏரியும் ஒரு அன்னப்பறவையும். "தாத்தா மிலிட்டரியில மேஜருங்க" என்றார் வீட்டின் மூத்தவர். "இல்லைங்க, நேதாஜி படைன்னு அப்பா சொல்லுவாரு" என்றார் அவர் தம்பி. கல்லூரியில் படிக்கும் பேத்தி வேறொன்று கேட்டாள்: "இதுக்கு என்ன விலை வருங்க?"

இது என்ன படம், இதில் இருப்பவர் யார், இதன் மதிப்பு என்ன? பழைய ராணுவப் படம் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்த மூன்றும்தான் கேள்வி. இதே வரிசையில்தான் பதில் தேட வேண்டும். விலையிலிருந்து தொடங்கினால் படத்தைக் கெடுத்துவிடுவோம்.

என் பெரியப்பா 1960களில் சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தார். நெகட்டிவில் பென்சிலால் முகச்சுருக்கத்தை எடுப்பது, என்லார்ஜ்மெண்ட் போட்ட படத்துக்குக் கலர் கொடுப்பது இரண்டும் அவர் வேலை. குச்சியில் பஞ்சு சுற்றிக் கொடுப்பது சிறுவனான என் வேலை. "கலரு நான் போட்டதுடா, அடியில இருக்கிறதுதான் அந்த மனுசன்" என்பார். இந்த வழிகாட்டி முழுவதற்கும் அந்த ஒரு வாக்கியம்தான் அடிப்படை.

படி 1: சட்டத்தைக் கழற்றும் முன்

முதலில் எதையும் துடைக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாமலிருக்க, போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

பின்பக்கம்தான் முக்கியம். அங்கே ஆணி, காகிதம், அட்டை, முத்திரை, பென்சில் எழுத்து என்று எது இருந்தாலும் அது சாட்சி. பிரேம் போட்டவர்கள் தூசி போகாமலிருக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டுவார்கள். அதில் தேதி இருந்தால், அந்தத் தேதிக்கு முன் இந்தச் சட்டம் போட்டிருக்க முடியாது என்று ஆகிறது. படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம், குழப்பிக்கொள்ளாதீர்கள். விலையைப் பென்சிலில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. 'ரூ. 7-8-0' என்று மூன்று பகுதியாக இருந்தால் அது ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) கணக்கு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் அந்த எழுத்துமுறை போய்விட்டது. ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'தமிழ்நாடு' என்று மாநிலப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1969க்குப் பிறகு. 'மதராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் அதற்கு முன்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக் குடும்பத்தின் படத்தை, சட்டம் உளுத்துவிட்டது என்று கீழே சேலத்தில் ஒரு பிரேம் கடையில் கொடுத்தோம். புதுச் சட்டம் அழகாகத்தான் வந்தது. ஆனால் பழைய பின்னட்டையைக் கடைப்பையன் குப்பையில் போட்டுவிட்டான். அந்த அட்டையில்தான் பெயரும் பட்டாள நம்பரும் எழுதியிருந்தன. முந்தின வாரம் நான் பார்த்தேன், போட்டோ எடுக்கவில்லை. இன்றைக்கு அந்தப் படம் யாரோ ஒரு அழகான மனிதரின் படம், அவ்வளவுதான். அன்றிலிருந்து பின்னட்டையைப் படமெடுக்காமல் எந்தப் படத்தையும் கையைவிட்டு அனுப்புவதில்லை.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவே கூடாது. போட்டோத் தாளின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. ஈரத்தில் இளகி கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடி மேலிருந்து ஸ்கேன் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: இது போட்டோதானா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பத்த வைத்த இடத்தைப் பார்க்க வைத்திருப்பார்களே, அதே கண்ணாடி போதும். முகத்தின் நிழல் பகுதியில் வைத்துப் பாருங்கள். வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. சிதறலாக நீலம், சிவப்பு, மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால் இன்றைய பிரிண்டரில் எடுத்தது. புள்ளியே இல்லாமல் கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் புகை போல இழைந்து போனால் அது போட்டோ.

அடுத்து, எந்த வகைப் போட்டோ. மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது, செம்பழுப்பு நிறம் மஞ்சளாக வெளுத்திருக்கிறது, லூப்பில் பார்த்தால் மேலே நுண்ணிய விரிசல் என்றால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் தாள். 1850களில் தொடங்கி 1890கள் வரை அதுதான் ஆண்டது. இரண்டரைக்கு நாலு அங்குல அட்டை என்றால் 'கார்ட்-டி-விசிட்', நாலேகாலுக்கு ஆறரை என்றால் 1866இல் வந்த 'கேபினட்' அட்டை. நம் ஸ்டூடியோக்காரர்கள் வெகுகாலம் சொல்லிவந்த 'கேபினட் சைஸ்' இதிலிருந்து வந்த பேச்சு.

நம் வீடுகளில் அகப்படுவது பெரும்பாலும் இதற்கு அடுத்த தலைமுறை: ஜெலட்டினில் வெள்ளி உப்புக் கலந்த புரோமைடு தாள். இதற்கு ஒரு உறுதியான அடையாளம் உண்டு. படத்தைச் சாய்த்துப் பிடித்தால், கறுப்பான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியும். உள்ளே இருக்கும் வெள்ளி காலப்போக்கில் மேலேறி வந்து மின்னுகிறது. வெள்ளித் தொழில் நடக்கும் ஊரில் வெள்ளி காற்றுப்பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பளபளப்பை நகலெடுத்த படத்தில் கொண்டுவர முடியாது. ஆகவே அதைக் கறை என்று துடைக்காதீர்கள். அது வயதுக்கு அத்தாட்சி.

இன்னொரு சோதனை புற ஊதா டார்ச். கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருப்பார்கள். இருட்டறையில் படத்தின் பின்பக்கத்திலும் கலர் போடாத ஓரத்திலும் அடித்துப் பாருங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் போட்டோத் தாளில் அது வந்தது. ஒளிராவிட்டால் கட்டாயம் பழையது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'முதல் உலகப் போர்ப் படம்' என்று ஒருவர் விற்கும் படம் ஒளிர்ந்தால், அது பிற்காலத்தில் போட்ட பிரதி.

செவ்வாய்ப்பேட்டைப் படம் ஒளிரவில்லை. ஓரத்தில் வெள்ளிப் பளபளப்பு இருந்தது. பின்னால் பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை, பென்சிலில் 'ரூ. 7-8-0'. ஆக, 1957க்கு முன்.

படி 3: கலரைப் படிப்பது

மூன்று விதமாகக் கலர் போட்டார்கள். முதலாவது, தண்ணீரில் கரைத்த சாயம். பிரஷால் தொட்டு வைத்தால் ஜெலட்டினுக்குள் இறங்கிவிடும். தடவிப் பார்த்தாலும் மேடு தெரியாது, படத்தின் நிழலெல்லாம் ஊடே தெரியும். இரண்டாவது, ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கலர். பஞ்சால் தேய்த்துத் தேய்த்து இழைப்பார்கள். கன்னத்தில் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் இருந்தால் அது தேர்ந்த கை. மூன்றாவது, கெட்டி வண்ணம். போட்டோவை ஒரு கோட்டுச்சித்திரம் போல வைத்துக்கொண்டு மேலே முழு ஓவியமே எழுதிவிடுவது. சமஸ்தானங்களில் ராஜாக்களின் படங்களை இப்படி எழுதும் மரபு இருந்தது. ராணுவப் படங்களில் பெரும்பாலும் மூன்றும் கலந்து வரும்: முகத்துக்கு எண்ணெய்க் கலர், பின்புலத்துக்குச் சாயம், பொத்தானுக்கும் பதக்கத்துக்கும் கெட்டியான தங்கப் பூச்சு.

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தங்கப் பூச்சு மேடிட்டு நிழல் விழும். கலர் கோட்டைத் தாண்டி வழிந்த இடம், காலர் மடிப்பில் விட்டுப்போன இடம், பிரஷ் முடி ஒன்று ஒட்டிக் காய்ந்த இடம் எல்லாம் கைவேலைக்குச் சாட்சி. நல்ல வேலைக்காரர்கள் கலர் போடும் முன் படத்தைப் பழுப்பு நிறத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். கறுப்பு வெள்ளை மேல் நேராகப் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போலாகிவிடும் என்பது பெரியப்பா சொன்ன காரணம். ஆகவே கலர் விடுபட்ட ஓரத்தில் அடித்தளம் பழுப்பாக இருந்தால், முதலிலிருந்தே கலருக்கென்று போட்ட பிரிண்ட் என்று கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். கலர் போட்டவர் அந்தப் பட்டாளத்துக்காரரின் உடுப்பை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பார்த்திருக்கமாட்டார். காக்கி என்று சொன்னால் காக்கி. பதக்கம் என்றால் தங்கம். ரிப்பன் என்றால் அவர் கையில் அன்றைக்கு இருந்த பச்சையோ சிவப்போ. பர்மாக் காட்டில் உடுத்திய பச்சை உடுப்பு, படத்தில் காக்கியாகிவிடும். வெள்ளிப் பதக்கம் தங்கமாகிவிடும். அதனால் ரிப்பனின் நிறத்தை வைத்துப் போரைச் சொல்வது தவறு. பட்டைகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் பாருங்கள். அவை கேமரா பதிந்தவை.

அதிலும் ஒரு சூட்சுமம். அந்தக் காலத்து ஸ்டூடியோ பிளேட்டுகளிலும் ஃபிலிமிலும் பெரும்பான்மை சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாக விழும். நீலம் வெளிறி விழும். 1939-45 போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் ஓரங்கள் சிவப்பு, அடுத்து நீலம், நடுவில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு இடையே ஒரு மெல்லிய சிவப்பு. பழைய படத்தில் அதன் ஓரங்கள் கறுத்தும் நீலம் வெளுத்தும் தெரியும். கண்ணால் பார்க்கும்போது நீலமும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் பலர் இதை வேறு ரிப்பன் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். முதல் உலகப் போரின் வெற்றிப் பதக்க ரிப்பன் வானவில் போல இருக்கும், சிவப்பு நடுவில், ஊதா ஓரங்களில். படத்தில் நடு கறுத்து, ஓரங்கள் வெளுத்து வரும்.

போனில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெரிதாக்கிப் பாருங்கள். பெரியப்பா சொன்ன 'அடியில இருக்கிறது' அப்போது மேலே வரும்.

படி 4: உடுப்பு பேசும் மொழி

முதலில் திசை. பதக்கம் இடது மார்பில் இருக்க வேண்டும். உங்களுக்கு எதிரே நிற்பவரின் இடது, உங்கள் பார்வையில் வலப்பக்கம். மாறி இருந்தால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். பொத்தான் பட்டையும் எதிர்ப்பக்கம் மூடியிருக்கும். பொத்தான் சரியாக இருந்து பதக்கம் மட்டும் வலது மார்பில் இருந்தால், இறந்த தந்தையின் பதக்கத்தை மகன் அணிந்திருக்கலாம். வாரிசுகள் வலப்பக்கம் அணிவதுதான் வழக்கம்.

அடுத்து மகுடம். தொப்பியிலோ தோளிலோ பிரிட்டிஷ் மகுடம் இருந்தால் 1950 ஜனவரி 26க்கு முன். அதே இடத்தில் அசோகச் சிங்கங்கள் இருந்தால் அதற்குப் பின். இந்த ஒரு அடையாளமே படத்தை இரண்டு யுகங்களில் ஒன்றில் வைத்துவிடும். படைப்பெயரின் முன்னால் வரும் 'ராயல்' என்ற சொல்லும் அப்படித்தான். கடற்படைக்கு அது 1934இல் வந்தது, போக்குவரத்து, ரேஷன் பார்த்த சர்வீஸ் கோருக்கு 1935, விமானப்படைக்கு 1945. குடியரசானதும் எல்லாவற்றிலிருந்தும் போனது. தோள்பட்டைப் பித்தளை எழுத்து 'ஆர்' என்று தொடங்கினால் இதை நினைவில் வையுங்கள்.

பதவி. கைச்சட்டையில் வி வடிவப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் நட்சத்திரம் வந்தால்தான் குழப்பம். ஒரு நட்சத்திரம் என்றதும் குடும்பத்தில் 'லெப்டினன்ட்' என்று சொல்லிவிடுவார்கள். சுதந்திரத்துக்கு முன் நம் ஊர்க்காரர் தோளில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அவர் பெரும்பாலும் ஜமேதார், இரண்டு என்றால் சுபேதார். ஜமேதார் என்ற பெயரே 1965இல் நாயப் சுபேதார் என்று மாறியது. சிப்பாயாகச் சேர்ந்து மேலேறி வந்தவர்களுக்கான பதவிகள் இவை, ஒரு கம்பெனியே அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படும். 'மேஜர் இல்லையா' என்று முகம் வாடும் குடும்பங்களிடம் இதைத்தான் சொல்வேன்.

படைப்பிரிவு. சேலம் பக்கத்து ஆட்கள் போனது பெரும்பாலும் மதராஸ் சேப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை), மதராஸ் ரெஜிமெண்ட் (காலாட்படை), பயோனியர் கோர் (ராணுவத் தொழிலாளர் படை), சர்வீஸ் கோர் என்று நான் பார்த்த படங்கள் சொல்கின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சேப்பர்ஸை அவர்களின் தலைப்பாகையை வைத்தே சொல்லிவிடலாம். மற்ற தலைப்பாகைகள் போல வால் விட்டுத் தொங்காமல், உயரமான தொப்பி போல இறுக்கி மடித்திருக்கும். மதராஸ் ரெஜிமெண்டின் இன்றைய சின்னம் யானை; 1803 அசாயே போரின் நினைவு அது. அந்த ரெஜிமெண்டின் வழக்கமான பட்டாலியன்கள் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில்தான் மறுபடி எழுந்தன. எனவே '1934இல் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய்' என்று யாராவது சொன்னால், இன்னொரு முறை விசாரியுங்கள்.

ஏற்காட்டுப் பங்களாக்களில் கிடைக்கும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளின் படங்கள் தனி வகை. குதிரை, பூட்ஸ், வாரிய மீசை எல்லாம் பார்த்து முழுநேர ராணுவ அதிகாரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தென்னிந்தியத் தோட்டத்துரைகள் பலர் சதர்ன் ப்ராவின்சஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ் போன்ற துணைப்படைகளில் பகுதிநேரமாகச் சேர்ந்தவர்கள். அது நாமறிந்த ராணுவ வரலாற்றில் குறைவாகப் பேசப்படுவதால், பெயர் தெரிந்தால் அந்தப் படங்களுக்குத் தேடுபவர்கள் உண்டு.

பதக்கங்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் (ஸ்டார்) எல்லாம் ஆறு முனை கொண்டவை, வடிவம் ஒன்றே, ரிப்பன்தான் வேறு. பர்மா ஸ்டார் ரிப்பனில் ஏழு பட்டைகள்: நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆரஞ்சுக் கோடு. அதை 1945இல்தான் உருவாக்கினார்கள். அது நெஞ்சில் இருந்தால் படம் 1945க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி, வெற்றிப் பதக்கம் பொன்வெண்கலம். கலர் போட்டவர் இரண்டையும் தங்கமாக்கிவிடுவார். போர்ப் பதக்கத்தை வெண்கலத்திலும் அடித்து, தொழிலாளர் படைகளில் போனவர்களுக்குக் கொடுத்தார்கள். செம்பு நிறத்தில் தீட்டியிருந்தால் அந்த ஒரு முறை கலர்காரர் உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும்.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தாவுக்கு வருவோம். தங்கப் பூச்சுக்கு அடியில் இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒரு வட்டப் பதக்கம். இரண்டாவது நட்சத்திரத்தின் ரிப்பனைப் பச்சையாக எழுதியிருந்தார்கள். கறுப்பு வெள்ளையாக்கியதும் ஏழு பட்டைகள் எழுந்து வந்தன. கையில் இரண்டு பட்டை. ஆக, பர்மாவில் போரிட்ட ஒரு நாயக். பிரிட்டிஷ் பதக்கங்களை அணிந்து எடுத்த படம் என்பதால், நேதாஜி படைக் கதைக்கு இந்தப் படத்தில் ஆதாரமில்லை. தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பர்மாவுக்கு நடந்தேவா போனாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவருக்குத் தாத்தா மறுபடி கிடைத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

படி 5: அவர் பட்டாளத்துக்காரர்தானா, படம் ஒரே படம்தானா?

உடுப்பு போட்டவர் எல்லாரும் ராணுவம் ஆகிவிடமாட்டார்கள். போலீஸ், ரயில்வே, வனக்காவலர், கலெக்டர் ஆபீஸ் டவாலி, பேண்டு மாஸ்டர் என்று பலரும் படம் எடுத்துக்கொண்டார்கள். குறுக்கே பட்டையும் பித்தளை வில்லையும் இருந்தால் டவாலி. 1930களின் நடுவிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கிய ஊர் இது. நாடக, சினிமா வேடத்தில் எடுத்த படமும் குடும்பப் படங்களோடு கலந்து கிடக்கலாம். வாளும் தோள் குஞ்சமும் அளவுக்கு மீறி இருந்து, படைச்சின்னம் ஒன்றுகூட இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இணைத்த படங்கள் பற்றி நின்று சொல்ல வேண்டும். கணவர் பட்டாளத்தில், மனைவி ஊரில். இருவரும் சேர்ந்து எடுத்த படம் கிடையாது. அவர் அனுப்பிய சிறு படத்தையும் இவளைத் தனியாக எடுத்த படத்தையும் வெட்டி ஒட்டி, மறுபடி படமெடுத்து, பின்னால் ஒரே திரையை எழுதி, தம்பதியாக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் முகத்தில் வெளிச்சம் இடமிருந்தும் மற்றவர் முகத்தில் வலமிருந்தும் விழும். தோள் தொடும் இடத்தில் கெட்டி வண்ணம் கூடுதலாக இருக்கும். பாதங்கள் தரையில் நிற்காது. இன்னும் சில, ஆள் போன பிறகு எழுதியவை. பாஸ்போர்ட் அளவுப் படத்தை என்லார்ஜ்மெண்ட் போட்டு, மார்புக்குக் கீழே உடுப்பு முழுவதையும் பிரஷால் எழுதியிருப்பார்கள். முகம் மங்கலாகவும் பொத்தான்கள் கூர்மையாகவும் இருந்தால் அதுதான். இவற்றைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். என் கணக்கில் இவை சாதாரண ஸ்டூடியோ படத்தைவிட உயர்ந்தவை. அந்த வீட்டுக்கு என்ன தேவைப்பட்டது என்பதை இவை அப்படியே வைத்திருக்கின்றன. ஆனால் உடுப்பின் விவரங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்.

படி 6: பெயரைத் தேடுவது

வியாபாரியிடம் போவதற்கு முன் வீட்டு அம்மாயியிடம் போங்கள். படத்தைக் கையில் கொடுத்து, "இவரு யாருங்க?" என்று மட்டும் கேளுங்கள். 'இவர் மேஜரா' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். சம்பளமா, பென்ஷனா, எந்த ஊரிலிருந்து மணியார்டர் வந்தது, ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வந்தார் என்று கேளுங்கள். பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள்.

அப்புறம் காகிதங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், பதக்கம். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், படை நான்கும் பொறித்திருக்கும்; அதே போருக்கான 1914-15 ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கத்தில் பின்பக்கம் இருக்கும். படை நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இலவசமாகத் தேடலாம். இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள் என்பதால் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கு, சேலத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, எந்த ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சேப்பர்ஸுக்குப் பெங்களூர். குடும்பத்தார் எழுதினால்தான் மதிப்பு.

படி 7: மதிப்பு

சரி, பேத்தியின் கேள்வி. பெயர் தெரியாத, இரண்டாம் உலகப் போர்க் கால, மார்பளவு ஸ்டூடியோ படம் நிறையக் கிடைக்கிறது. அந்தப் போரில் 25 லட்சம் பேர் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட படத்துக்கு நான் சில நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை.

விலையை ஏற்றுவது எது என்றால், முதலில் பெயர். பெயரும் நம்பரும் படையும் உறுதியான படம் வேறு பொருளாகிவிடுகிறது. அதோடு பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் கடிதமும் சேர்ந்து ஒரே கட்டாக இருந்தால் இன்னும் மேலே. ஆகவே பிரித்து விற்காதீர்கள். பதக்கம் ஒருவரிடமும் படம் ஒருவரிடமும் போனால் இரண்டுமே ஊமை. அடுத்தது காலம்: ஆல்புமன் தாளில் 19ஆம் நூற்றாண்டு இந்தியச் சிப்பாய் என்றால் அபூர்வம். பிறகு கைவேலையின் தரம். முகத்தைக் காப்பாற்றி, கலரைப் பின்னால் நிறுத்திய வேலை உயர்வு. முகத்தையே மூடியது தாழ்வு. தோள் எழுத்தும் சின்னமும் படிக்கத் தெரிந்தால் உயர்வு. ஸ்டூடியோ முத்திரை, பழைய சட்டம், மவுண்ட் அட்டை ஆகியவை கூடுதல். கெய்ரோ, பாக்தாத், பாஸ்ரா முத்திரை இருந்தால் அது அவர் போன இடத்துக்கே சாட்சி.

கெடுப்பவை: முகத்தில் பூஞ்சை, நீர்க்கறை, லேமினேஷன், சமீபத்தில் மீண்டும் போட்ட கலர். புதுக் கலர் போட்டுப் பளபளவென்று ஆக்கினால் விலை கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுந்துவிடும்.

இணையத்தில் விலை பார்க்கும்போது, கேட்ட விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். லட்சம் கேட்டு வருடக்கணக்காகக் கிடக்கும் படங்கள் உண்டு. ஒரே அளவு, ஒரே காலம், ஒரே தரத்தில் நாலைந்து விற்பனையாவது பார்த்த பிறகு முடிவெடுங்கள். வெளிநாட்டில் வாங்குபவர் வந்தால் ஒரு எச்சரிக்கை: நூறு ஆண்டு கடந்த ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும்; தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கையால் தீட்டிய பழைய படத்தை அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: வைத்திருப்பது

ஏற்காட்டில் எதிரி ஈரம். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் மாதங்களில் சுவரோடு ஒட்டிய படத்தில் பூஞ்சை ஏறும். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் காற்று போக இடம் விடுங்கள். சேலத்தில் எதிரி வெயிலும் பூச்சியும். மேற்குச் சுவர் வேண்டாம், சமையலறைப் பக்கம் வேண்டாம். சிவப்புச் சாயம்தான் வெளிச்சத்தில் முதலில் போகும். கன்னம் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சிய படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அமிலமில்லா அட்டையில் ஒரு மவுண்ட் வையுங்கள். செல்லோடேப், ஃபெவிகால், ஈரத்துணி மூன்றும் பக்கத்தில் வரக்கூடாது. ஈரத்துணியால் ஒரு முறை கன்னத்தைத் தொட்டால் பெரியப்பா போன்ற ஒருவரின் ஒரு நாள் வேலை பஞ்சோடு வந்துவிடும்.

பூஜைக்கு வேண்டுமென்றால் நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரதி போட்டு, அதற்குச் சந்தனம் வையுங்கள். செவ்வாய்ப்பேட்டை வீட்டில் அப்படித்தான் செய்தோம். பேத்தி விலையைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை. 87 வயது அம்மாயி சொன்ன பெயரையும், டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடைத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நம்பரையும், 'நாயக், பர்மா' என்ற இரண்டு சொற்களையும் பென்சிலில் அவளே எழுதினாள். அந்தச் சீட்டைப் பழைய பின்னட்டையின் மேல், ஸ்டூடியோ முத்திரை மறையாதபடி, கோந்து படாமல் செருகி வைத்திருக்கிறோம்.